உதயரூபன் விழுங்கிய சொல்

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எதிரே தாதி யசோதினி. வேலையும் போகலாம், தாதிப் பதிவும் போகலாம். அவள் நெளியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"லீவில வீட்டில இருந்துகொண்டு, கண்ணால காணாத ஒருத்திக்குப் போனில வைத்தியம் சொல்லியிருக்கிறீங்க. எந்த அதிகாரத்தில?"

"மருந்து ஒண்டும் சொல்லல்ல சேர். ரத்தத்த மறிக்கிற வழிதான் சொன்னன்."

ஷெல்லடியில் வாவியைக் கடக்கும் தோணித்துறை மூடிக் கிடந்த நாள் அது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், ஒருத்தி வீட்டிலேயே பிள்ளை பெற்றாள்; இரத்தம் நிற்கவில்லை. அவள் புருஷன் உதயரூபன் சிக்னல் கிடைக்கும் வாய்க்கால் கட்டின் மேல் ஏறி, இக்கரை ஆரையம்பதியில் லீவில் இருந்த யசோதினிக்குப் போன் அடித்தான். சுனாமியில் கடல் வந்த வருடம் நிவாரணக்காரர் அவளுக்குக் கொடுத்த போன். அந்த நம்பர் அக்கரை முழுக்கத் தெரியும்.

யசோதினி முதலில் ஆஸ்பத்திரி வைத்தியரைத்தான் போனில் கேட்டாள். "பார்க்காம ஒண்டும் சொல்லாத" என்று அவர் போனை வைத்துவிட்டார். அவள் உதயரூபனைத் திரும்பப் போனில் எடுத்தாள்.

பிள்ளை பெற்ற அறைக்குள் ஆண் போவதில்லை. யசோதினி சொல்லச் சொல்ல அவன் வாய்க்கால் கட்டின் மேல் நின்று வீட்டுப் பக்கம் கத்த, உள்ளே அவன் மாமியார் இலட்சுமிப்பிள்ளை செய்தாள்.

"அடிவயித்த அழுத்தித் தேய்க்கச் சொல்லு."

கத்தினான்.

"பிள்ளைய முலையில போடச் சொல்லு. அப்பதான் கர்ப்பப்பை இறுகும்."

சத்தமில்லை.

"சொன்னியா?"

"ஓம் மிஸ்ஸி."

"எனக்குக் கேக்கல்லயே."

"மாமிக்கு அந்தச் சொல்ல எப்பிடி மிஸ்ஸி..."

"உன்ட வெக்கத்துக்கு அவ சாகட்டுமா? கத்து."

கத்தினான். வயல் வட்டை முழுக்கக் கேட்டிருக்கும். துறை திறந்து, தோணியில் ஏற்றி, இக்கரையில் வாகனம் பிடிக்கும்வரை யசோதினி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். தாய் பிழைத்தாள். வைத்தியர் யசோதினி மேல் முறைப்பாடு எழுதினார்.

"அவன் அந்தச் சொல்ல விழுங்கி, அவ செத்திருந்தா?" என்றார் அதிகாரி.

"விழுங்குவான் எண்டுதான் திருப்பிக் கேட்டன். செத்திருந்தாலும் இதே கதிரையில இருந்து இதையேதான் சொல்லுவன். போனை எடுத்த நேரத்தில இருந்து அவ என்ட நோயாளி."

"சட்டத்தில இதுக்கு இடமில்ல."

"அப்ப இடம் போடுங்க சேர்."

அதிகாரி எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். இனி இப்படி அழைப்பு எடுக்கமாட்டேன் என்று கடைசி வரி.

"எச்சரிக்கைக்கு ஒப்பம் வைக்கிறன். அந்த வரிக்கு வைக்கமாட்டன்."

அதிகாரி பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். அவள் ஒப்பமிட்டாள்.

சாட்சி சொல்ல வந்த உதயரூபன் வெளியே நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"மாமி உன்னோட கதைக்கிறாவா?" என்றாள் வெளியே வந்த யசோதினி.

"இன்னும் இல்ல மிஸ்ஸி."