குட்டைக்கு நாலு கயிறு

பண்ணைப்புரத்துக்கு மேற்கே சுரேஷ்கண்ணனுக்கு இரண்டு ஏக்கர் வாழை. கோடையில் கிணறு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அதனால் தோட்டத்து மூலையில் பண்ணைக்குட்டை வெட்டி, தண்ணீர் கசியாமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தான். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். சுற்றி வேலி போடச் சொல்லி மனைவி முனீஸ்வரி இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வாழைத்தார் வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு தேனியிலிருந்து வினோத்ராஜ் குடும்பத்தோடு வந்தான். சுரேஷ்கண்ணனோடு கல்லூரியில் படித்தவன். இப்போது காய்கறி மொத்த வியாபாரம். கூட மனைவி ஜான்சியும் ஆறு வயது மகள் சுபாஸ்ரீயும்.

கத்திரி வெயில் கொளுத்தியது. கொட்டகை நிழலில்கூட உட்கார முடியவில்லை. குட்டையைப் பார்த்ததும் குழந்தை, "அப்பா, இதுல மீன் இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா. கிட்டப் போகக் கூடாது."

சமையலுக்கு உதவப் போகும்போது ஜான்சி இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "அவளப் பாத்துக்கங்க."

இருவரும் தலையாட்டினார்கள். பிறகு கிணற்று மோட்டார் நின்றுபோனது. சுரேஷ்கண்ணன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான். அந்த நேரத்தில் வினோத்ராஜுக்குச் சந்தையிலிருந்து போன் வந்தது. அப்பன்காரன் பார்த்துக்கொள்கிறான் என்று இவன் நினைத்தான். சுரேஷ் குட்டைப் பக்கம் திரும்பித்தானே நிற்கிறான் என்று அவன் நினைத்தான். குட்டை அங்கிருந்து முப்பது அடி.

சாப்பிடக் கூப்பிட வந்த ஜான்சி, "சுபா எங்கன?" என்றாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓடினார்கள்.

சுரேஷ்கண்ணன் குதித்தான். இரண்டாவது முழுக்கில் குழந்தை கையில் அகப்பட்டாள். ஆனால் அவனால் கரையேற முடியவில்லை. பாசி பிடித்த விரிப்பில் ஒரு அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கியது. முனீஸ்வரி சொட்டுநீர்க் குழாயை அறுத்து வீசினாள். வினோத்ராஜ் தரையில் படுத்து இழுத்தான். மேலே வரும்போது சுரேஷ்கண்ணன் அதைப் பார்த்தான்: பாசியில் சின்ன விரல்கள் பிராண்டிய கோடுகள், பக்கம் பக்கமாக.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

அடக்கத்தன்று வினோத்ராஜ் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சுரேஷ்கண்ணனுக்கு இருந்தது. ஊருக்கு வந்து குட்டைத் தண்ணீரை முழுதும் இறைத்துவிட்டான். வாழை வாடத் தொடங்கியது. அவன் தோட்டத்துக்கே போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஜான்சி தனியாகப் பஸ்ஸில் வந்தாள். இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வற்றிக் கிடந்த குட்டையின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள கூப்பிட்டாளாண்ணே?"

"சத்தமே வரல தங்கச்சி. தண்ணி அலம்புனது கூடக் கேக்கல."

"அவுக வீட்ல பேசுறதே இல்ல. நீங்க பாத்துக்கிருவீகன்னு நெனச்சாகளாம். அத மட்டுந்தான் சொன்னாக."

"நான் அவன் பாக்குறான்னு நெனச்சேன்."

"நானும் யாராவது ஒரு ஆள்கிட்டச் சொல்லியிருக்கணும். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டேன்."

முனீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் குடிக்கவில்லை.

"மண்ணப் போட்டு மூடிரப் போறேன்" என்றான் சுரேஷ்கண்ணன்.

"இத மூடுனா இது ஒன்னு மூடும். பஸ்ல வரும்போது ரோட்டோரமா மட்டும் ஆறு குட்டை பாத்தேண்ணே. ஒன்னுலயும் புடிச்சு ஏற ஒரு கயிறு இல்ல." முனீஸ்வரி அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவன் கம்பிவேலி போட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கினான். நாலு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு, அடிவரைக்கும் கயிறு இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு. தண்ணீர் நிரம்பியதும் தானே இறங்கி, கயிற்றைப் பிடித்து ஏறிப் பார்த்தான். சுலபமாகவே ஏற முடிந்தது. கரையில் குந்தியவன் வாய்விட்டு அழுதான்.

தன் குட்டையிலும் கயிறு கட்ட அடுத்த தோட்டத்துக்காரர் தவசி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம தோட்டத்துக்கு எந்தப் புள்ளப்பா வரப்போகுது?" என்றார். சுரேஷ்கண்ணன் கயிற்றோடு அங்கேயே நின்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கடப்பாரையை எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஜான்சிக்குப் போன் செய்து, அந்த வாரம் எந்தத் தோட்டத்தில் கட்டினான் என்று சொல்வான். அவள் கேட்டுக்கொள்வாள். ஒரு நாள் போனை வினோத்ராஜ் எடுத்தான்.

"அவ படுத்திருக்கா. எந்திரிச்சதும் சொல்றேன்."

"சரிடா."

வினோத்ராஜ் போனை வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.