நானூறுக்கு மேலே

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. வருஷம் 2004, வலியசாலையில் ஒரு கோயில் மண்டபம். தாலி கட்டும் படம் மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை எடுத்த பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாக இருக்கிறது. பூமாரி என்று நானே வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: விளக்கொளியில் மண்டபம் பொன்னாக மின்ன—

வேண்டாம். எங்கே மின்னியது? கும்மிருட்டு. பிளாஷ் அடிக்கக் கூடாது என்று கோயிலில் கண்டிப்பு வேறு.

இரண்டாவது: தம்பானூரில் ஸ்டுடியோ வைத்திருந்த சத்தியநேசன், புது டிஜிட்டல் கேமராவின் ஐஎஸ்ஓவை நானூறில் நிறுத்தி, அந்தப் பொத்தான்மேல் பிளாஸ்திரியும் ஒட்டி பூமாரியிடம் கொடுத்தார்.

(ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், கூடவே புள்ளியும் விழும். பிலிம் காலத்தில் ரோலை மாட்டிவிட்டால் முப்பத்தாறு படத்துக்கும் ஒரே எண்தான். அந்தப் பழக்கம் மனிதரை விடவில்லை.)

"நானூறுக்கு மேல ஏத்தப்பிடாது, கேட்டியா? மணல வாரிப் போட்ட மாதிரி இருக்கும். படம் கெட்டுதோ, பின்னே நீ பழையபடி பாஸ்போர்ட் போட்டோதான்."

"சரி அண்ணாச்சி."

இரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து அலுத்தவள். தனியாகப் படமெடுக்கப் போகும் முதல் கல்யாணம் இது.

(இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அழுகிற ஆளாக எனக்குத் தோன்றவில்லை.)

3

மண்டபத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். மணப்பெண் சுப்ரியாவின் கை, வளையலோடு சேர்ந்து இழுபட்டுக் கிடந்தது. நானூறில் ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். அதற்குள் யார் அசைந்தாலும் படம் போச்சு. சுப்ரியாவின் அம்மா சிவகாமியம்மாள் பக்கத்தில் வந்தார்.

"வெளிச்சமே இல்லையேடீ குழந்தே, படம் விழுமோ?"

"விழ வச்சிருதேன்மா."

சொல்லிவிட்டு பிளாஸ்திரியை நகத்தால் உரித்தெடுத்தாள். எண்ணூறு போதவில்லை. ஆயிரத்து அறுநூறு. வேலை போனால் போகட்டும், இந்த முகங்கள் கலங்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். கெட்டிமேளம் கொட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். நான் மூன்று முடிச்சையும் அவசர அவசரமாகப் போட்டேன். அவள் கேமரா அசையவில்லை.

4

முடிவு அ: படத்தைக் கண்டதும் சத்தியநேசன் அவளை வாயாரப் பாராட்டி—

பொய். அந்த மனுஷன் பாராட்டமாட்டார்.

முடிவு ஆ: அவளை வேலையை விட்டே—

எழுதக் கை வரவில்லை.

ஆக, என்னால் நம்ப முடிந்தது இவ்வளவுதான். ஸ்டுடியோ மேஜையில் இரண்டு படங்கள். நானூறில் எடுத்ததில் புள்ளியே இல்லை, கலங்கிப்போய் முகமும் இல்லை. மற்றதில் எங்கும் புள்ளி. ஆனால் சுப்ரியாவின் கண்ணோரத்து நீர்கூடத் தெரிகிறது. சத்தியநேசன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஸ்ரீவராகத்துல ஒரு கல்யாணம். எத்தனையில வைப்பே?"

"அங்க போயி வெளிச்சத்தப் பாத்துதான் சொல்ல முடியும், அண்ணாச்சி."

சொல்லிக்கொண்டே கேமராப் பையின் வாரைப் பிடித்தாள். மறுபக்கம் அவர் பிடித்திருந்தார்.

அவர் விடுவாரா, மாட்டாரா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையை மட்டும் அந்த வாரிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.