செங்கல் வைத்த ஷட்டர்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது பெரியம்மாவுக்கு. விடிந்ததும் வந்த நான்கு செம்புக் கம்பிச் சுருள்களையும் ஒற்றை ஆளாய் இறக்கியிருந்தாள். கூலிக்கு ஆள் வைப்பது அவள் பரம்பரையிலேயே கிடையாது. இரும்புக்கடையின் மொத்த முதலும் அந்த நாலு சுருளில்தான் முடங்கிக் கிடந்தது. அது போனால் கடையும் போச்சு.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கி, அடியில் ஒரு செங்கல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஷட்டர் ஓடும் இடது பக்கத் தண்டவாளம் வளைந்திருந்தது. முழுக்க இறங்கிவிட்டால், வெளியே இருந்து ஒருத்தன் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் ஏறும். எதிர்ப் பட்டறை வெல்டர்தான் தினமும் நெம்புவான். மூன்று தட்டு தட்டினால் வந்துவிடுவான். ஆனால் நேற்று, பெரிய ஸ்பேனரைக் காணோம் என்று நடுத்தெருவில் நின்று அவனைத் திருடன் என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை; நேற்று ராத்திரியும் ஷட்டரைச் செங்கல் மேலேதான் நிறுத்தினாள்.

இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். ஒருத்தன் குண்டன், இன்னொருத்தன் கையில் கத்தி. யாரும் பார்க்கக் கூடாதென்று குண்டன் செங்கலை உதைத்துத் தள்ளினான். ஷட்டர் தடால் என்று விழுந்தது.

"அட புத்திசாலி, சோலி முடிஞ்சுது," என்றாள் பெரியம்மா.

"வாய மூடு கிழவி. கம்பி எங்க?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கு, தூக்கிக்கோ. வெளிய நீ எப்படிப் போவன்னு பாக்கறேன்."

அவர்கள் சுருள்களை இழுத்தபோது பின்னாலிருந்து ஏதோ கணீரென்று உருண்டது. காணாமல் போன ஸ்பேனர். பெரியம்மாவுக்கு முதல் முறையாக முகம் வெளுத்தது. கத்தியைப் பார்த்து அல்ல.

குண்டன் ஷட்டரோடு மல்லுக்கட்டினான். முக்கினான், முனகினான், வியர்த்துக் கொட்டினான். அது அசையவே இல்லை.

"நீ தூக்கற லட்சணத்துல நாளைக்குக் காலைலதான் போவ. எதிர்ல ஒருத்தன் இருக்கான். அவன் நெம்பினாதான் உண்டு."

"கூப்பிடு. வேற ஒரு வார்த்தை வந்துச்சு, குத்திருவேன்," என்றான் கத்திக்காரன்.

சுத்தியலால் மூன்று தட்டு தட்டினாள். எதிரே பட்டறைச் சத்தம் நின்றது. ஆள் வரவில்லை. மறுபடி தட்டினாள். ம்ஹூம்.

"என்ன, உனக்கும் அவனுக்கும் சண்டையா?" என்றான் குண்டன், அழுகிற குரலில்.

பெரியம்மா தொண்டையைச் செருமினாள். "தம்பி! ஸ்பேனர் கெடச்சிருச்சுடா! கடைக்குள்ளதான் கெடந்துச்சு!"

செருப்புச் சத்தம் தெருவைக் கடந்தது. கடப்பாரை நுழைந்து ஷட்டர் ஒரு சாண் ஏறியது. அந்த இடைவெளியில் நாலு ஆம்பளைக் கால் தெரிந்திருக்க வேண்டும்.

"உள்ள யாரு, அக்கா?" என்றான் வெல்டர்.

"சாமான் தூக்கக் கூலிக்கு ரெண்டு பேரு வச்சிருக்கேன்."

உலகம் தலைகீழானாலும் இவள் கூலிக்கு ஆள் வைக்கமாட்டாள் என்று தெருவுக்கே தெரியும்.

"சரிக்கா. இந்தக் கடப்பாரை பத்தாது, பெருசு கொண்டாறேன்."

கொண்டு வந்தது கடப்பாரையை மட்டும் அல்ல. ஷட்டர் ஏறியபோது வாசலில் மூட்டை தூக்கும் ஆட்கள் எட்டு பேர் நின்றார்கள். கத்தி தானாகக் கீழே விழுந்தது. குண்டன், "அண்ணே, அடிக்காதீங்க, முதுகு ஏற்கனவே போச்சு," என்று தரையில் உட்கார்ந்தான்.

நாலு சுருளும் இருந்த இடத்திலேயே இருந்தன. வெல்டர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஏன்கா, நேத்து நீ திருடன்னு சொன்னது என்னையா, இவங்களையா?"

"ரொம்பப் பேசாத, வந்து டீயைக் குடி," என்றாள் பெரியம்மா.

இப்போதும் பேரன் பேத்திகளிடம் இதைச் சொல்லும்போது சுத்தியலைத் தட்டிக் காட்டுவாள், குண்டன் மாதிரி முக்கிக் காட்டுவாள். ஸ்பேனர் கிடைத்ததை எட்டு ஊருக்குக் கேட்கக் கத்தியவள், தப்பு தன்னுடையது என்பதை வெல்டர் காதில்கூடச் சொல்லவில்லை. நடுத்தெருவில் திருடன் என்று சொன்னதற்கு, அதே தெருவில் வெல்டரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.