மூன்று நாள் எரிந்த கதவு

இருநூறு வருடத்துக்கு முன் ஒரு கப்பல் தலைவர் கட்டிய வீட்டைக் காப்பாற்ற, வடக்குக் குளிர்நாட்டு லாங்வீக் ஊரே பதினேழு வருடம் பாடுபட்டது. அதற்குப் பிறகும் வீடு நிற்கிறது என்றால் அது வீட்டின் கெட்டிக்காரத்தனம்.

வருடத்தில் இரண்டு சனிக்கிழமை ஊர் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்யும். டுக்னாட் என்பார்கள். வராதவனை யாரும் திட்டுவதில்லை; இரண்டு மாதத்துக்குக் கடையில் அவனோடு வானிலை பற்றிக்கூடப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு டுக்னாட்டில் பழைய ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு, பழசு மாதிரி இருக்கிற புது ஜன்னல்களை வைத்தார்கள். இன்னொன்றில் தரை. அப்புறம் மாடிப்படி. ஒவ்வொரு தடவையும் காப்பி, வாஃபிள், குழுப் படம்.

வாஃபிள் சுடுவது தூர்டிஸ். மீன் ஆலையில் வேலை பார்த்து முழங்கால் போனவள். பின்பக்கச் சமையலறையிலும் அதையொட்டிய அறையிலும் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்தாள். ஊரில் வேறெங்கும் வாடகை கொடுத்து இருக்க அவளால் முடியாது. தினமும் காலை ஆறு மணிக்கு இரும்பு அடுப்பை மூட்டுவாள். டுக்னாட்காரர்கள் முற்றத்தில் எறிந்துவிட்டுப் போன மரத்தை அறுத்து அதில் போடுவாள்.

இந்த நவம்பரில், வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வீட்டு நண்பர்கள் சங்கம் கூடி, வீட்டை 1790இல் இருந்தபடியே ஆக்குவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. 1790இல் தூர்டிஸ் இல்லை.

சொல்ல வந்தவர் சங்கத் தலைவர் ஹால்வார்ட். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு.

"கோவிச்சுக்காத தூர்டிஸ். உன் அலமாரி, தொட்டியெல்லாம் அறுபத்திரண்டுல வச்சது. வரலாற்றுக்கு ஒத்து வரல."

"நான் அம்பத்தெட்டுல பொறந்தவ. நான் மட்டும் ஒத்து வருவேனா?"

"அதான்... ஜனவரிக்குள்ள வேற இடம் பாத்துக்கிட்டா நல்லது. சனிக்கிழமை டுக்னாட்ல சமையலறையப் பிரிக்கிறோம். இருபத்தஞ்சு பேர் வருவாங்க. அப்புறம், அந்த வாஃபிள்..."

"என் அடுப்பங்கரைய ஒடைக்க வர்றவனுக்கு நானே சுட்டுப் போடணுமாடா?"

"வேற யாருக்கும் அந்தப் பக்குவம் வராதே."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இருந்தும் சனிக்கிழமை சுட்டாள். பால் வாங்கி வைத்திருந்தாள், வீணாக்க மனசில்லை. அவளைச் சுற்றி நின்று அலமாரிகளைக் கழற்றினார்கள். "கொஞ்சம் நகருங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அன்றைக்கு, நிதி கொடுக்கலாமா என்று பார்க்க மாவட்டத் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து சிக்னே என்ற அதிகாரி வந்திருந்தாள். முன்னறைகளில் பலகைகளைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.

"இந்த ஜன்னல்?"

"பழைய மாதிரியே செஞ்சது," என்றார் ஹால்வார்ட்.

"தரை?"

"அதுவும் பழைய மாதிரியே."

"மாதிரி இருக்கட்டும். பழசு எங்க? முன்கதவுல சிங்கத் தலை செதுக்கியிருக்கும், எங்க கோப்புல படம் இருக்கு. அது எங்க?"

ஹால்வார்ட் தன் காலணியைப் பார்த்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நல்ல ஓக் மரம்மா. மூணு நாள் எரிஞ்சது. சிங்கத் தலை மட்டுமே அரை நாள்."

"எரிச்சீங்களா?"

"தூக்கி எறிஞ்சது அவங்க. நான் குளிர்தான் காஞ்சேன்."

அந்த நேரத்தில் கடைசி அலமாரி சுவரிலிருந்து பலகையோடு பெயர்ந்து வந்தது. பின்னால் பருத்த மரக்கட்டைச் சுவர். அதில் நீலப் பூக்கள். நடுவே பாய் விரித்த கப்பல். வரைந்தவனுக்குக் கப்பல் தெரிந்திருந்தது, வரையத் தெரியவில்லை. பதினேழு வருடத்தில் எந்த டுக்னாட்டும் தொடாத ஒரே சுவர்.

"யாரும் கை வைக்காதீங்க!" என்றாள் சிக்னே. "இந்த வீட்டுல நிஜமானது இது ஒண்ணுதான்." சுவரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. "அடுப்பு தினமும் எரியுதா?"

"இருபத்தாறு வருஷமா."

"விடாம எரியணும். ஒரு குளிர்காலம் நின்னாலும் ஈரம் ஏறி வண்ணம் உதிர்ந்துடும். நிதி வேணும்னா இதுதான் நிபந்தனை."

இருபத்தைந்து பேரும் அடுப்பைப் பார்த்தார்கள். முறை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஹால்வார்ட். உடனே ஒரு பட்டியல் மாட்டப்பட்டது. கால் மணி நேரத்தில் ஜூன், ஜூலை நிரம்பிவிட்டன. டிசம்பரில் ஒரு பெயர்கூட இல்லை.

தூர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சாகற வரைக்கும் நான் இங்க இருக்கலாம்னு ஒரு காகிதம் குடு ஹால்வார்ட்."

"சங்கத்துல வைக்கணும். பிப்ரவரிக் கூட்டத்துல..."

"வையி. அதுவரைக்கும் நான் தங்கச்சி வீட்டு சோபால படுத்துக்கறேன்." தீப்பெட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வெளியே மைனஸ் ஒன்பது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஹால்வார்ட் அடுப்பை மூட்டினார். புகைபோக்கியின் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை, ஒரு பக்கப் புருவம் இல்லாமல், தங்கச்சி வீட்டு வாசலில் காகிதத்தோடு நின்றார்.

"பிப்ரவரி அதுக்குள்ள வந்துடுச்சா?"

"ஏகமனதா முடிவெடுத்துட்டோம்."

அவள் இரண்டு முறை படித்தாள். வாஃபிள் சுடுவது இதில் சேராது என்று ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுதினார்.

வசந்தத்தில் சங்கம் சமையலறையில் ஒரு பலகை மாட்டியது: "சுவர் ஓவியம், ஒன்று. இரும்பு அடுப்பு, ஒன்று. குடியிருப்பவர், ஒருவர். எதையும் தொடாதீர்கள்."

தூர்டிஸ் அதைக் கழற்றச் சொல்லவில்லை. ஈரத் துணி காயப்போட அதில் நல்ல ஆணி இருக்கிறது.