தங்கம் பூசாத படம்

1

காதர்பேட்டைக்குப் பனியன் வாங்கப் போனேன், கதையோடு திரும்பினேன். கடைக்காரர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வறண்ட வயல் போல ஒரு பரப்பு, அதன் மேல் வெள்ளைப் பொட்டுகள். "பனியன் நூலுங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல எடுத்தது" என்றார். பேருந்திலேயே எழுதத் தொடங்கிவிட்டேன்.

'அனுசுயா ஓர் ஏழைத் தையல்...'

அடித்துவிட்டேன். அவள் சாய ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வேதியியல்காரி. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

2

எத்தனை முறை துவைத்தாலும் உதிராத வெள்ளி நானோ துகள் பூச்சு, வேர்வை நாற்றமே அடிக்காத பனியன். இதற்காகத்தான் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளி நின்றிருந்தால் புதுப் பிரிவு அவள் பொறுப்பில். உதிர்ந்திருந்தால் முதலாளி திருமூர்த்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவார். துவைத்த துணியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க இருவரும் கோவை ஆய்வகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

(குறுக்கே ஒரு வார்த்தை: துணியில் மின்சாரம் பாயாது. அப்படியே வைத்தால் படம் வெளுத்துப் போகும். அதனால் முதலில் மெல்லிய தங்கப் பூச்சு. ஆமாம், பனியன் துண்டுக்குத் தங்கம்! இது என் கற்பனை இல்லை.)

3

திரையில் படம் வந்தது. எங்கு பார்த்தாலும் பொட்டுகள்.

"அடேயப்பா! வெள்ளி கொட்டிக் கெடக்குது அம்மிணி! ஆர்டர் குடுக்கற பையருக்கு இப்பவே அனுப்பிடலாமுங்க!" திருமூர்த்தி துள்ளிக் குதித்தார்.

நானும்தான் குதித்தேன். 'அவள் கண்கள் பனிக்க...' என்று முடிக்கவும் பார்த்தேன். அனுசுயா விடவில்லை.

"பொறுங்க சார். வெள்ளியே போடாத துணியும் கொண்டாந்திருக்கேன். அதுக்கும் தங்கம் பூசி பாத்துருவோம்."

பார்த்தார்கள். அதிலும் அதே பொட்டுகள்!

"அதெப்படிங்க?"

"நாம பூசுன தங்கம் சார் இது. தங்கத்தப் பாத்துட்டு வெள்ளின்னு குதிச்சிருக்கோம்."

(கடைக்காரர் எனக்குக் காட்டியதும் இந்தப் படம்தானோ?)

4

வேறொரு முடிவு: அவள் வாயை மூடிக்கொள்கிறாள், ஆர்டர் வருகிறது, ஊரே... எழுதிப் பார்த்தேன். அவள் வாயை மூடும் ஆள் இல்லை. கிழித்துப் போட்டேன்.

5

துவைத்த துணியில் இன்னொரு துண்டு. இம்முறை தங்கம் இல்லை. படம் வெளுக்காமல் இருக்க மைக்ராஸ்கோப்பின் மின்னழுத்தத்தை நன்றாகக் குறைத்தாள். படம் மேலிருந்து வரி வரியாக இறங்குகிறது. திருமூர்த்தி நாற்காலி நுனியில். வெறும் நூல். வெறும் நூல். பாதிப் படத்தில், ஓரமாக, ஏதோ ஒரு வெளிச்ச விளிம்பு.

"சார், அந்தா..." என்றாள் அனுசுயா.

இங்கே நிறுத்துகிறேன். வெள்ளியை அள்ளித் தெளிக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இனி நான் ஒரு பொட்டு வைத்தாலும் அது நான் பூசியதாகத்தான் இருக்கும். மீதி வரிகள் உங்கள் கண் முன்னால் இறங்கட்டும். என்ன தெரிகிறதென்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.