ஞாயிறுவரை போக வேண்டிய ஏலம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியந்தினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் சின்னத்தங்கத்தின் அழைப்பு வந்தது. குருநகரில் பிரியந்தினியின் வீட்டுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி இருப்பவர். தவணை கட்டவில்லை என்று அவருடைய மகன் டினேஸின் படகை லீசிங் கொம்பனிக்காரர் இழுத்துக்கொண்டு போனதை ஊரே நின்று பார்த்தது. அந்தப் படகுதான் இப்போது, பிரியந்தினி வேலை செய்யும் கந்தோர் இணையத்தில் நடத்துகிற ஏலத்தில் கிடந்தது. பிரான்சில் இருக்கும் தமையன் கைகொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு, டினேஸும் அதை ஏலத்தில் கேட்டுத் திரும்ப எடுப்பதற்குத் தன் பெயரைப் பதிந்திருந்தான்.

"பிள்ளை, பேப்பரிலை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஏலம் எண்டு கிடக்கு. பக்கத்து வீட்டுப் பெட்டை போனிலை பாத்திட்டு இண்டைக்குப் பின்னேரம் முடியுது எண்டுறாள். எது சரி?"

"இண்டைக்குத்தான் மாமி. ஒருநாள் படகெல்லாம் இண்டைக்கு. பலநாள் படகுதான் ஞாயிறு வரைக்கும்."

சின்னத்தங்கம் பதறிப்போனார்.

"டினேஸ் கடலிலை எல்லே நிக்கிறான். மயிலிட்டியிலை ஆரோ ஒருத்தற்றை படகிலை கூலிக்குப் போனவன். நாளைக்குத்தான் கரைக்கு வருவான். ஞாயிறு வரைக்கும் இருக்கு எண்டு நம்பித்தானே போனவன்."

"பேப்பரிலை பிழையாப் போட்டிருப்பினம். பாத்திட்டு எடுக்கிறன் மாமி."

அப்படிச் சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. விளம்பரத்தைக் கொடுத்தது முதலாளி சுபாஸ். அவர் பேப்பருக்குக் கொடுப்பதை மூன்றுதரம் வாசித்துப் பார்க்கிற மனிதர். அவள் தன் போனை எடுத்து, ஏலத்தை ஒழுங்குபண்ணச் சொல்லி அவர் அனுப்பியிருந்த குரல் செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"பிரியந்தினி, லீசிங்காற்றை ஏலத்தைப் பிரிச்சுப் போடு. ஒருநாளை வெள்ளியோடை முடி. பலநாளை ஞாயிறு வரைக்கும் விடு."

அந்த மென்பொருளில் ஏலத்தை இரண்டு விதமாகப் போடலாம். ஒரே நாளில் தொடங்கி முடிவது ஒன்று. சில நாட்கள் தொடர்ந்து திறந்து கிடப்பது மற்றது. சுபாஸ் சொன்னது அதைத்தான். மோட்டார் சைக்கிள், எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாம் ஒருநாள் ஏலம். படகுகள் எல்லாம் பலநாள் ஏலம். வட்டுக்கோட்டையில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை அவர். அவருக்குப் படகு என்றால் படகு, அவ்வளவுதான். கடலோரக் குருநகரில் பிறந்தவளுக்கு அப்படியா? பின்னேரம் போய் விடியக் கரைக்கு வருகிற சின்னப் படகு ஒருநாள் படகு. ஐஸ் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்க் கிழமைக்கணக்கில் நிற்பது பலநாள் படகு. அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் அவள் வேறொன்றும் யோசிக்கவில்லை. சின்னப் படகுகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

முடிகிற நேரத்தை மாற்றிப் பார்த்தாள். மென்பொருள் விடவில்லை. ஒருவர் விலை கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு நேரத்தை மாற்ற முதலாளியின் கணக்கால்தான் முடியும். சின்னப் படகுகள் எல்லாவற்றுக்கும் யாராவது விலை கேட்டிருந்தார்கள். டினேஸின் நீலப் படகுக்கு ஆகக் கூடக் கேட்டிருந்தவர் ஜெயசுதன், சாவகச்சேரியில் மீன் மொத்த வியாபாரி.

சுபாஸுக்குப் போன் எடுத்தாள். அவர் கொழும்பில் லீசிங் கொம்பனியோடு கூட்டத்தில் இருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமே இல்லை. திரும்ப எடுத்தாள். இந்த முறை போன் நிறுத்தப்பட்டிருந்தது.

கணினித் திரையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே போனது. அவளுடைய கணக்கால் செய்யக்கூடியதாக ஒன்றே ஒன்று இருந்தது: ஏலத்தை இடையில் நிறுத்திவைப்பது. நிறுத்தினால் கேட்ட எல்லாருக்கும் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பொத்தானில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள்.

நிறுத்தினால் என்ன சொல்வார்கள்? தன்ரை ஊர்க்காரனுக்காகச் செய்தவள் என்பார்கள். அப்படி இல்லையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். டினேஸின் படகு இதற்குள் இல்லாவிட்டால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருந்தாலும், போகட்டும் என்று பேசாமல் இருந்திருப்பாளோ? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். ஞாயிறு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நம்பியிருக்கிறவன் டினேஸ் மட்டுமாக இருக்க மாட்டான்.

பொத்தானை அமத்தினாள். பிறகு எழுதினாள்: 'படகுகளின் ஏலம் ஞாயிற்றுக்கிழமை வரை என்றே விளம்பரம் செய்யப்பட்டது. சில படகுகளுக்கு நேரத்தைத் தவறாகப் போட்டது நான். ஏலம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. கேட்ட விலைகள் அப்படியே இருக்கும். பிரியந்தினி.'

முதலில் போன் எடுத்தவர் ஜெயசுதன்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்ச நேரத்திலை அது என்ரை படகு. நிப்பாட்ட நீங்கள் ஆர்?"

"பிழை என்னிலைதான் அண்ணை. பேப்பரிலை..."

"எனக்குப் பேப்பர் தேவையில்லை. நான் உங்கடை தளத்தைப் பாத்துத்தான் கேட்டனான். அந்தப் படகுக்காரன் குருநகரான். நீங்களும் குருநகர் எண்டு கேள்விப்பட்டன். உங்கடை முதலாளியோடை கதைக்கிறன்."

அவருடைய கோபத்தில் அரைவாசி நியாயம். அதுதான் அவளை இன்னும் வாட்டியது.

கந்தோர் பூட்டுகிற நேரத்தில்தான் சுபாஸ் எடுத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"குரல் செய்தியை நானும் கேட்டுப் பாத்தன். ரெண்டு விதமாயும் விளங்கலாம், அதை விடுவம். அதுக்குள்ளை உனக்குத் தெரிஞ்ச ஆக்களின்ரை படகும் இருக்கு எண்டு ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்ல வேணும் எண்டு நினைக்கேல்லை அண்ணை."

"நினைச்சிருக்க வேணும்."

அவர் தன் கணக்கால் நேரத்தை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றி ஏலத்தைத் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கந்தோருக்கு வரச் சொன்னவர், அவளைக் கணினிக்குக் கிட்ட விடவில்லை. எதிர்ச்சுவரோரம் ஒரு கதிரையைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது; சுபாஸின் முகம்தான் தெரியும். முடிகிற தறுவாயில் யாராவது விலை கேட்டால் மென்பொருள் தானாகவே சில நிமிடங்களைக் கூட்டிக் கொடுக்கும். முடியப்போகிறது என்று சுபாஸ் நிமிர்வார். உடனே திரும்பக் குனிவார். திரும்ப நிமிர்வார். பிரியந்தினி தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். யாரோ விடாமல் போட்டிக்குக் கேட்கிறார்கள் என்று விளங்கியது. யார் யார் என்று கேட்க வாய் வரவில்லை.

கடைசியில் சுபாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குருநகர்ப் பெடியனுக்குத்தான்," என்றார். "வெள்ளிக்கிழமை நிண்ட விலையிலும் பாக்க நல்லாக் கூட. லீசிங்காரர் சந்தோசப்படுவினம். ஜெயசுதன் சந்தோசப்பட மாட்டார். இனி நீ நேரத்தைப் போட்டால் நான் பாத்தபிறகுதான் ஏலம் திறக்கும். விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

கதிரையால் எழும்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலை சின்னத்தங்கம் கந்தோருக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. உள்ளே பெரிய கொடுவா மீன் ஒன்று, வாலை வெளியே நீட்டிக்கொண்டு.

"படகு வந்து முதல் பட்டது பிள்ளை. டினேஸ் உனக்கெண்டு தந்துவிட்டவன்."

சுபாஸ் உள்மேசையில் இருந்து தலையை நிமிர்த்தினார்.

"வேண்டாம் மாமி," என்றாள் பிரியந்தினி. "எங்கடை வீட்டுக்கும் கொண்டு போகாதேங்கோ. குறை நினையாதேங்கோ."

"ஏன் பிள்ளை, மீன்தானே?"

"மீன்தான் மாமி. ஆனால் வாங்கினால், நான் உங்களுக்காகத்தான் செய்தனான் எண்டு ஆகிடும்."

சின்னத்தங்கத்துக்கு அது விளங்கவில்லை. முகம் சுருங்கிப்போனது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போட்டுவாறன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார். வாசல் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் பிரியந்தினி. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டோவில் ஏறிப் போனார்.