கதவுக்கு வெளியே ஒரு கூரை

அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் எங்கள் சார்ட்டர் பள்ளி முன்பு மளிகைக்கடையாக இருந்தது. இப்போது நான்காம் வகுப்பு நடக்கும் இடத்தில்தான் என் கல்யாண விருந்துக்கு இறைச்சி வாங்கினேன். பாடம் நடத்த மாநிலம் பணம் கொடுக்கும். கட்டடம் எங்கள் பாடு. அதனால் கடைக்காரர் விட்டுப்போன தானியங்கிக் கண்ணாடிக் கதவுதான் எங்களுக்கு வாசல். தெருநாய் வந்தாலும் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அதற்கு எதிரே, தெருவுக்கும் முன்னூறு பிள்ளைகளுக்கும் நடுவே, நான்கு வருடமாக வரவேற்பு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டெக்சாஸின் எந்த மூலையிலாவது துப்பாக்கிச் சூடு என்று ஒரு பள்ளியின் பெயர் செய்தியில் வந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. பயம்தான், மறைப்பானேன்.

ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறக்காதபடி கதவை மாற்றினோம். அதிலும் ஒரு வம்பு. உள்ளேயிருந்து யார் நெருங்கினாலும் அது திறந்துகொள்ளும். தரையில் சிவப்பு டேப் ஒட்டி, யாரும் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளாத ஒரே ஜீவன் என் கொழுந்தன் எரிபெர்த்தோ. பள்ளியைக் கூட்டிப் பெருக்கிப் பராமரிப்பவன் அவன்தான்.

எங்கள் ஊரில் கையில் பாத்திரத்தோடு வருபவரை வெளியே நிறுத்துவது பெரிய அவமானம். டிசம்பர் பிறந்தால் ஆவி பறக்கும் தமாலே என்ற சோளக் கொழுக்கட்டைப் பானையோடு யாராவது எந்த வாசலிலாவது நிற்பார்கள். ஓடிப்போய்த் திறக்காதவரை மனிதராகவே மதிக்க மாட்டோம். எரிபெர்த்தோவுக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

இந்த வருடம் மாநிலம் தன் பாதுகாப்பு நிதியில் எங்களைப் போன்ற பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. பூட்டும் மணியும் வைத்த இரும்புக் கதவு கிடைக்கும். ஆனால் அதற்கு முன், மாநிலம் அனுப்பும் முன்பின் தெரியாத ஒருவர், எங்களைச் சோதிக்கச் சொல்லாமல் ஒருநாள் வந்து உள்ளே நுழையப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் கதவு அடுத்த வருடம்தான்.

எங்கள் பள்ளி முதல்வர் சரகோசா ஒத்திகை வைத்தார். தன் அத்தையைப் பயறுப் பானையோடு அனுப்பினார். எரிபெர்த்தோ டேப்பைத் தாண்டினான். மறுவாரம் பூச்சாடியோடு ஒருவரை அனுப்பினார், மறுபடியும் தாண்டினான். அவனைக் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சினேன்.

"தம்பி, அந்தக் கதவு எனக்கு வேணும். உன்னால போச்சுன்னா உங்கண்ணன் முகத்துக்காகக்கூட மன்னிக்க மாட்டேன்."

"கை நிறைய சாமானோட ஒருத்தர் நிக்கறதப் பாத்துட்டு நான் உள்ள நிக்கறதா அண்ணி? கால் தானா போகுது."

"அப்ப காலை வீட்ல வெச்சுட்டு வா."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள், காலையிலிருந்தே குளிரும் தூறலுமாக இருந்தது. நகல் எடுக்கப் போன நான் திரும்பி வரும்போது, வாசலில் ஒரு வயதானவர் இரண்டு கையாலும் பெரிய ரொட்டிப் பெட்டியைத் தாங்கியபடி நனைந்துகொண்டிருந்தார். எங்கள் பலவீனம் நன்றாகத் தெரிந்த ஆள். உள்ளே எரிபெர்த்தோ, டேப்பில் கால்விரல் பட நின்றான். நான் கத்த வாயைத் திறப்பதற்குள் அவன் சட்டென்று திரும்பிச் சமையலறைப் பக்கம் ஓடிவிட்டான்.

பார்க்கச் சகிக்காமல் ஒளிந்துகொண்டான் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பின்கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி ஓடி வந்திருந்தான். பெட்டியை வாங்கி ஒரு கையால் இடுக்கிக்கொண்டு, போகிற வழியில் எடுத்த குடையை மறு கையால் பெரியவருக்குப் பிடித்தான். பின்கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சாவியோ உள்ளே ஆணியில் தொங்கியது.

"அண்ணி, நான்தான். தெறங்க."

"பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியற வரைக்கும் நீயும் வெளியாளுதான்."

பெரியவர் சிரித்தபடி அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். அட்டையை யாரும் அச்சடிக்கலாம். முதல்வர் மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர்கள் பாட்டுப் போட்டே இருபது நிமிடம் காக்க வைத்தார்கள். அதற்குள் வெளியே இருவரும் பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு இனிப்பு ரொட்டி தின்று, தோளோடு தோள் உரசி ஏதோ கதை பேசினார்கள். சாப்பிடப் போன பிள்ளைகள் டேப்புக்குப் பின்னால் வரிசையாக நின்று கையாட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வந்தவர் சோதனைக்காரர்தான் என்று உறுதியான பிறகு, நானே டேப்பைத் தாண்டினேன். உள்ளே வந்ததும் அவர் அறிக்கையில் எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: நுழைய முடியவில்லை; பள்ளியின் சொந்தப் பணியாளராலும் முடியவில்லை.

வேறு தேவை ஏதும் உண்டா என்று நிதிக்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. எரிபெர்த்தோ கேட்டான், கதவுக்கு வெளியே ஒரு கூரை வேண்டுமென்று. அதில் என்ன பாதுகாப்பு என்று முதல்வர் இழுத்தார். ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த சோதனைக்காரர், அதற்கு நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

மார்ச்சில் கதவு வந்தது, கூரையோடு. முதல் நாளே நல்ல மழை. ஒரு பாட்டி பானையோடு வந்து மணியடித்தார். பெயர் கேட்டு, பட்டியலில் தேடி, வகுப்புக்குப் போன் செய்து, நிதானமாகத்தான் விசாரித்தேன். கூரைக்கடியில் பாட்டி நனையாமல் நின்றார். பக்கத்தில், பின்கதவு வழியாகச் சுற்றிப் போன எரிபெர்த்தோ, பானையைச் சுமந்துகொண்டு.

அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.